மேஜர் மென்சிஸ் சொல்லாமல் விட்ட நடை

போர் நினைவு நாள் வரும் நவம்பர் பிறந்தாலே மேஜர் ஃபார்குவர் மென்சிஸுக்கு அலுப்புத் தட்டிவிடும். இத்தாலியில் போர்க்கைதியாக இருந்து தப்பி வந்ததற்காக அரசர் கையால் பதக்கம் வாங்கிய மனிதர். போர் முடிந்தபின் ஸ்காட்லாந்தில் பெர்த்ஷயர் மலையடிவாரத்தில் நூறு ஆடும் இரண்டு நாயுமாகக் காலம் தள்ளினார். சர்ச் மாதர் சங்கம் பேசக் கூப்பிடாமல் விட்டால்தானே? ஆண்டுதோறும் அதே கூடம், அதே ஸ்கோன் ரொட்டி, அதே கதை. மதில் ஏறியது, தேடுவிளக்கு பட்டது, கூட வந்த லெப்டினென்ட் இன்னிஸ் சுடப்பட்டுச் செத்தது, பத்தொன்பது நாள் நடந்து சுவிஸ் எல்லையைத் தொட்டது. பதின்மூன்று வருடமாக அரைத்த மாவு. ஒரு சொல் மாறினால்கூட முன்வரிசைப் பெண்மணிகள் திருத்துவார்கள்.

ஐம்பத்தெட்டாம் வருடம் அந்த முன்வரிசையில் ஒரு புதுமுகம். கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்தாள். அபர்டீனிலிருந்து வருவதாகவும், இன்னிஸின் தங்கை மோரக் என்றும் சொன்னாள். வெளியே நடக்கப் போனதாக அண்ணன் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தானாம். கைதியை யார் வெளியே விடுவார்கள் என்று கேட்டாள்.

மேஜர் உட்கார்ந்துவிட்டார். அவர் மறைத்த இடத்தில் சரியாகக் கை வைத்துவிட்டாள். ஓடமாட்டேன் என்று சீட்டில் கையெழுத்துப் போட்டால் கைதான அதிகாரிகளை வாரம் ஒருமுறை உலாவ விடுவார்கள், திரும்பி வந்ததும் சீட்டு நம் கைக்கு வந்துவிடும், அதன்பின் ஓடுவது அவரவர் சாமர்த்தியம் என்றார். அவரும் இன்னிஸும் உலாவப் போன அன்றைக்குக் காவலாள் மரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். எதிரே ஆளில்லாத மலை. போய்விடலாம் என்றான் இன்னிஸ்.

"நான்தான் இழுத்துக்கிட்டு வந்தேன். வாக்குக் கொடுத்திருக்கோம்டான்னேன். ஆறு நாள் கழிச்சு மதில் ஏறினோம்."

மோரக் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இன்னைக்கா இருந்தா என்ன பண்ணுவீங்க, மேஜர்?"

ஒரே ஒரு பொய் போதும், இருவரும் நிம்மதியாக வீடு போய்ச் சேரலாம். பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே. அது அவரிடம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

"திரும்பித்தான் வருவேன், மிஸ் இன்னிஸ்."

அவள் நிதானமாகக் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"எங்கம்மா சாகுற வரைக்கும் உங்க பேரையும் சேர்த்துத்தான் ஜெபம் பண்ணினாங்க. நல்லவேளை, இதைக் கேக்க அவங்க இல்லை."

மேஜர் தடுமாறி எழுந்து போய், பெண்களுக்குச் செய்யும் மரியாதைப்படி, வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மோரக் சமையலறை வழியாக வெளியே போனாள்.