சொந்தக் கோட்டைக்கு நுழைவுச்சீட்டு

நான் வேலை செய்யும் கோட்டையில் சப்பாத்துக்கு மேலே இன்னொரு செருப்புப் போட வேண்டும். கம்பளித் துணியில் தைத்த பெரிய செருப்புகள் வாசலில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கும். பார்க்க வருகிறவர்கள் அவற்றுக்குள் காலை நுழைத்துக்கொண்டு, பழைய மரத்தரையில் கீறல் விழாதபடி சறுக்கிச் சறுக்கிப் போவார்கள். போலந்துக்கு வந்து இத்தனை காலமாகியும் மன்னாரில் பிறந்த எனக்கு இது விளங்காத வித்தை. தரை பழுதாகும் என்றால் சப்பாத்தைக் கழற்றுவதுதானே?

முதல் நாள் நான் அதைத்தான் செய்தேன். காவலாளாகச் சேர்ந்த அன்று, கோட்டைக்குள் இருக்கும் சின்னக் கோவிலின் வாசலில் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். எங்களூர் மாதா கோவிலுக்குள் யாரும் செருப்போடு போனதில்லை. என் மேற்பார்வையாளர் பெயாத்தா காலைப் பார்த்துத் திடுக்கிட்டார். சப்பாத்துக் கடிக்கிறது என்று நினைத்து, மறுநாள் தன் கணவரின் சப்பாத்தைக் கொண்டுவந்து தந்தார். விளக்கிச் சொல்ல என்னிடம் அப்போது அவர்களின் பாஷை இருக்கவில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அது எனக்கு நல்ல பெரிசு, இன்றைக்கும் அதைத்தான் போடுகிறேன்.

அந்தக் கோவிலில் கண்டதை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? சுவர் முழுக்க ஆறு மூலைத் தகரத் தகடுகள், ஒவ்வொன்றிலும் வரைந்த ஒரு முகம். ஷ்லாஹ்தா எனப்படும் இந்த நாட்டுப் பிரபுக்கள் இறந்தால், சவப்பெட்டியின் தலைமாட்டில் இப்படி முகத்தை வரைந்து பொருத்துவார்களாம், வந்திருக்கும் சனத்தைப் பார்த்தபடி. எங்கள் ஊரில் பெட்டியைச் சுற்றி நின்று நாங்கள் படம் எடுப்போம். இங்கே பெட்டி எங்களைப் பார்க்கிறது. தங்கள் அரசனையே கூடித் தெரிவு செய்த மனிதர்கள் இவர்கள். சபையில் ஒருவர் எழுந்து மறுத்தாலே முழுச் சபையும் கலைந்துவிடுமாம். கோட்டை என்றால் எங்கள் பக்கத்து அரிப்பு என்ற ஊரின் கடற்கரையில் இடிந்து விழும் அல்லிராணிக் கோட்டையை மட்டும் அறிந்தவன் நான். இன்றைக்கும் காலையில் திறப்பைப் போட்டு அந்தப் பெரிய கதவைத் தள்ளும்போது எனக்கு மூச்சு ஒருமுறை நின்றுதான் வருகிறது.

இரண்டாம் உலகப் போர் முடிய வந்த பொதுவுடைமை ஆட்சி இந்தப் பிரபுக்களுடைய நிலங்களை எடுத்து, அவற்றில் உழுத கமக்காரருக்குப் பிரித்துக் கொடுத்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே கூலியில்லாமல் உழைத்தவர்களுக்கு அது நியாயம்தான். பிரபுக் குடும்பங்கள் கையில் அகப்பட்டதோடு வெளியேறின, இந்தக் கோட்டை அருங்காட்சியகமானது. இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் மனம் மன்னாரில் எங்கள் ஊர் இருக்கும் முசலிப் பக்கம் போய்விடும். நாங்கள் பிரபுக்கள் இல்லை, கரைவலை இழுத்தவர்கள். எங்கள் போரில் வெறுமையான எங்கள் ஊர் இன்று ஒரு கடற்படை முகாமுக்குள் இருக்கிறது. கோவில் பெருநாளன்று மட்டும் வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். ஓலைத்தொடுவாய் என்ற ஊரில் தகரக் கொட்டிலில் இருக்கும் அக்காவுக்கு இப்போது அரசாங்கம் வேறிடத்தில் மாற்றுக் காணி தருகிறதாம். அதை எடுத்தால் ஊரில் உள்ள உரிமை போய்விடும் என்று அவருக்குப் பயம்.

"நீ என்ன சொல்லுறாய் தம்பி?" என்று தொலைபேசியில் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அந்த வாரம்தான் கோட்டைக்கு ஒரு போலந்து அம்மா வந்தார். எண்பதைத் தாண்டியவர். எல்லாரோடும் வரிசையில் நின்று நுழைவுச்சீட்டு வாங்கினார். மேல்மாடியில் ஒரு படுக்கையறை வாசலுக்கு வந்ததும் கம்பளிச் செருப்பைக் கழற்றினார், பிறகு சப்பாத்தையும் கழற்றினார். தடுக்கப் போன பெயாத்தாவை நான் கைகாட்டி நிறுத்தினேன். அந்த அறையில்தான் பிறந்தாராம். சப்பாத்தோடு உள்ளே வந்தால் தாய் ஏசுவாராம். பெயாத்தா அவருடைய காலைப் பார்த்தார், பிறகு நெடுநேரம் என்னைப் பார்த்தார். முதல் நாள் நான் செய்தது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

வீட்டைத் திருப்பிக் கேட்கவில்லையா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். கேட்டாராம், கிடைக்கவில்லையாம். தலைநகர் வார்சாவில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாராம்.

"ஒவ்வொரு கோடையும் சீட்டு வாங்கி வருகிறேன்," என்றார். "நான் வராமல் விட்டால்தான் இது அருங்காட்சியகம்."

அன்று வேலை முடிந்ததும் அக்காவுக்குக் கதையைச் சொல்லி, காணி வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.

"உனக்கென்ன, நீ கோட்டையில இருக்கிறாய்," என்றார் அக்கா. "இஞ்ச மழைக்குக் கூரை ஒழுகுது." பிறகு கேட்டார். "அந்த மனிசிக்கு இருக்க வீடு இருக்குதோ?"

"ஓம்."

"அப்ப நானும் காணியை எடுக்கிறன். பெருநாளுக்குப் போறதை மட்டும் விடமாட்டன்."

அந்த அம்மாவின் கதையில் பாதியைத்தான் நான் கேட்டிருந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

பெருநாளன்று பூசை முடிந்து, எங்கள் வீட்டில் மிஞ்சிய அத்திவாரத்தடியில் நின்று அக்கா தொலைபேசியில் அழைத்தார். வாசல் இருந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டதாகச் சொன்னார். இங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான், கோட்டை இன்னும் திறக்கவில்லை. நான் மேல்மாடிக்குப் போய், அந்த அறை வாசலில் பெயாத்தா தந்த சப்பாத்தைக் கழற்றினேன்.

"மணல் சுடுகுது," என்றார் அக்கா.

என் காலடியில் மரத்தரை குளிர்ந்து கிடந்தது.