ஒன்பது கைக் குதிரை

எங்கள் ஊர் அய்யனாருக்கு மண்குதிரை நேர்ந்துகொள்கிறவர்கள் அடிக்கணக்கில் நேர்வதில்லை. கைக்கணக்குத்தான். கை என்றால் முழமுமில்லை, சாணுமில்லை. ஐந்து விரலையும் ஒட்ட வைத்து உள்ளங்கையைக் கிடையாக வைத்தால் என்ன அகலம் வருமோ, அது ஒரு கை. குளம்படியிலிருந்து கைக்கு மேல் கை வைத்துக்கொண்டே போய், குதிரையின் தோள் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். கழுத்தும் தலையும் கணக்கில் சேராது. உயிருள்ள குதிரைக்கும் அப்படித்தானாம். காரைக்குடியில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர் ஒருமுறை என்னிடம் சொன்னார். "தலைய அது நெனச்சாத் தூக்கும், நெனச்சாத் தொங்கப்போடும். அத நம்பி அளக்க முடியுமாண்ணே? தோளுதான் ஒரே எடத்துல நிக்கும்."

ஏன் கை என்று கேட்டால், அந்தக் காலத்தில் டேப்பு ஏது, எல்லோரிடமும் இருந்தது கைதானே என்பார்கள். அது மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. சாமியிடம் ஏந்தினது கை. ஏந்தின கைதான் கொடுக்கவும் வேண்டும். அதனால் யார் நேர்ந்தார்களோ அவர் கைதான் அந்தக் குதிரைக்கு அளவு. பெரிய கையென்றால் பெரிய குதிரை, சின்னக் கையென்றால் சின்னக் குதிரை. சாமி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. அந்தக் கையைத் துவரங்குச்சியில் வைத்து, அகலத்துக்கு நறுக்கி, குதிரை செய்யும் வேளாரிடம் கொடுத்துவிட வேண்டும். நறுக்கும்போது, யார் உயிருக்காக நேர்ந்ததோ அவர் குச்சியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர் முறை இது.

என் மகன் பள்ளத்தூர் ரோட்டில் பைக்கோடு விழுந்து, மதுரை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். எல்லோரும் ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டிருக்க, என் மனைவி மட்டும் பஸ் ஏறி ஊருக்கு வந்தாள். கோயில் முன்னால் நிற்கிற பழைய குதிரையின் காலில் வலது கையை வைத்து, "ஒம்பது கை வைக்கிறேன் சாமி, எம்புள்ளையக் குடு" என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தாள். எங்களைப் போன்ற குடும்பங்களில் ஐந்து கை, மிஞ்சினால் ஆறு கைதான் நேர்வார்கள். ஏன் ஒன்பது என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். "பேரம் பேசுற எடமாங்க அது?" என்றாள்.

சாமி கொடுத்தார். பிள்ளை எழுந்தான், நடந்தான், சிங்கப்பூருக்கும் போனான். நேர்ந்த குதிரைகளை ஊர்கூடிக் கோயிலுக்குத் தூக்கிப்போகிற குதிரை எடுப்பு எங்கள் ஊரில் வருஷாவருஷம் நடப்பதில்லை. மழை பெய்ய வேண்டும், ஊர் ஒத்துப்போக வேண்டும். நடந்த ஒரு வருஷமும் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. "குச்சியப் பிடிக்க அவன் வரட்டும்" என்று இருந்துவிட்டாள். அதற்குள் அவளுக்குப் பக்கவாதம் வந்து, வலது கை மூடிக்கொண்டது.

மூடின கை தானாகத் திறக்காது. தினமும் பிரித்துவிடாவிட்டால் நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் அவளுக்குத் திருநீறு பூசிவிட்டு, வெந்நீர் வைத்துக்கொண்டு உட்காருவேன். சுண்டுவிரலில் ஆரம்பித்து மெல்ல மெல்லப் பிரிப்பேன். வேர்வை அடைந்த நாற்றம் வரும். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வலியால் இல்லை, வெட்கத்தால்.

இந்த வருஷம் குதிரை எடுப்பு என்று ஊர் கூடி முடிவாகி, குதிரை செய்யத் தொடங்கச் சொல்லி வேளாருக்குப் பிடிமண்ணும் கொடுத்தாயிற்று. மகனும் லீவில் வந்தான். அவன் வந்த அன்றைக்கே நான் துவரங்குச்சி ஒன்றை ஒடித்து வைத்துவிட்டேன்.

"தம்பி, அம்மா கையப் பிரிக்க எனக்கு ரெண்டு கையும் வேணும். நீ குச்சிய மட்டும் பிடிச்சுக்க."

"எதுக்குப்பா அம்மாவப் போட்டு இம்சை பண்றீக? வெளிநாட்டுலயும் குதிரைக்குக் கைக்கணக்குத்தான். பந்தயக் குதிரைக்கெல்லாம் அப்புடித்தான் சொல்லுவாக. ஆனா ஒரு கைக்கு நாலு இஞ்சுன்னு என்னைக்கோ சட்டம் போட்டு வச்சுட்டாக."

"யாரு கைடா அது?"

"யாரு கையும் இல்ல. நாலு இஞ்சு. அம்புட்டுத்தான்."

கட்டிலில் கிடந்தவள், "தம்பி… குச்சி" என்றாள். பேச்சு குழறினாலும் அந்த இரண்டு சொல்லும் தெளிவாக வந்தது. அவன் வந்து குச்சியைப் பிடித்தான். நான் இரண்டு விரலைப் பிரித்திருப்பேன். அவன் மூக்கு சுருங்கியது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது.

"பேசிட்டு வந்துர்றேம்மா."

குச்சியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனான். பிரித்த விரலைப் பிடித்தபடியே நான் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து அவளே கையை இழுத்துக்கொண்டாள். விரல்கள் பழையபடி மூடிக்கொண்டன.

சாயங்காலம் சிரித்த முகத்தோடு வந்தான். "வேளாருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேம்ப்பா. ஒரு கை நாலு இஞ்சு, ஒம்பது கை முப்பத்தாறு இஞ்சு, மூணு அடி. கணக்குச் சரிதானே?"

என் படிப்புக்கு அந்தக் கணக்கில் குறை சொல்லத் தெரியவில்லை. "தலை சேராதுன்னு சொன்னியா? தோள் வரைக்கும்டா."

"சரிப்பா, சரிப்பா." போன் மறுபடியும் காதில் இருந்தது.

குதிரை எடுப்பன்று அவளை ஆட்டோவில் உட்காரவைத்து வேளார் வீட்டுக் களத்துக்குக் கூட்டிப்போனேன். குதிரைகள் வரிசையாக நின்றன. எங்களுடையது வெள்ளையடித்து, சிவப்பில் கடிவாளம் எழுதி, கழுத்தை நீட்டி நின்றது. என் பங்காளி ஒருவர், "சிங்கப்பூர்க் குதிரையில்ல, அதான் தலைய மட்டும் நல்லாத் தூக்கிக்கிட்டு நிக்கிது!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மகனும் சிரித்தான். செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

அவள் சிரிக்கவில்லை. குதிரையின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடின கையை என் பக்கம் நீட்டி, "பிரிங்க" என்றாள்.

"கூட்டத்துல வேணாம்மா, எல்லாரும் பாக்குறாக" என்றான் மகன்.

நான் பிரித்தேன். வெந்நீர் இல்லை, வலித்திருக்கும். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. குச்சியைப் பிடிக்க வேண்டியவன் செல்போனைப் பிடித்திருந்தான். அதனால் வேளாரே ஒரு குச்சியை எடுத்துவந்து, அவள் உள்ளங்கையில் வைத்து, அகலத்துக்கு நறுக்கினார். குளம்படியில் குனிந்து, குச்சிக்கு மேல் குச்சியாக வைத்து அளந்துகொண்டே போனார். தோள் வந்ததும் நிறுத்தினார். ஆறு கைக்கு மேல் கொஞ்சம் வந்தது. ஏழு இல்லை.

"தம்பி போன்ல மொத்த உசரம் மூணு அடின்னுதான்யா சொன்னாக" என்றார் என்னிடம். "கைக்குச்சி வரலையேன்னு கேட்டேன். வரும், நீங்க செய்ங்கன்னாக." அவருக்கும் முகம் செத்துவிட்டது.

"இப்ப என்ன? சாமி என்ன டேப்ப வச்சுக்கிட்டா நிக்கிறாரு?" என்றான் மகன்.

கொட்டு முழங்கிவிட்டது. இனி வேறு குதிரைக்கு மண் குழைக்க முடியாது. அவனும் ஆட்களோடு தோள் கொடுத்துத் தூக்கினான். மாலை போட்டு, வேட்டி சாத்தி, கூட்டத்தோடு அது போயிற்று. கோயில் முன்னால் மற்ற குதிரைகளோடு இறக்கியபோது எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். என்ன சொல்லிக் கும்பிடுவது என்று தெரியவில்லை. 'எம்புள்ளையக் குடு' என்று கேட்டபோது அவர் கையும் காலுமாக முழுசாகத்தான் கொடுத்தார்.

லீவு முடிந்து அவன் போய்விட்டான். அந்த வீடியோவை எத்தனையோ பேர் பார்த்து வாழ்த்தியிருக்கிறார்களாம். போனில் சொன்னான். அவள் காதில் போனை வைத்தேன். "நல்லா இருய்யா" என்றாள்.

மறுநாள் காலை வெந்நீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இனிமே பிரிக்க வேணாங்க. இத வச்சு என்ன அளக்கப் போறோம்?"

நகம் குத்துமே என்று நான் பிரிக்கத்தான் செய்கிறேன். இப்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. அந்தக் கையை யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.