முதல் ஆய்வகத்தைச் சொல்வதா, விடுவதா

முதல் ஆய்வகத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? எம்.எஸ்ஸி. ஆய்வின்போது, பென்சீன் நெடி வயிற்றிலிருந்த குழந்தைக்கு ஆகாதே என்று பயந்து வேறு பேராசிரியரிடம் மாறினேன். இப்போது பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கப் போகிறேன்.

எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வேறு முதலாளியிடம் போனால், புது முதலாளி பழையவரிடம் விசாரிக்காமல் பட்டு நூல் தரமாட்டார். நேற்று மாமியார் அதைத்தான் சொன்னார்: “உங்க வாத்தியாருங்களும் விசாரிப்பாங்கம்மா. அந்தப் பழைய ஆளு ஏதாச்சும் சொல்றதுக்கு முன்னாடி நீயே சொல்லிடு.”

“கேக்காததுக்கு ஏம்மா பதில்? புள்ளக்காரின்னு தெரிஞ்சா சீட்டே தரமாட்டான்” என்றார் என் கணவர்.

இருவர் சொல்வதும் சரியென்றே படுகிறது. தூளியை ஆட்டும்போதும் இதே யோசனைதான். இப்படி இடம் மாறியவர்கள் இதைப் படித்தால், நீங்கள் என்ன சொன்னீர்கள், சேர்த்துக்கொண்டார்களா என்று எழுதுங்களேன்.