வரப்பை வெட்டும் சர்வேயர்

உள்ளறையிலிருந்து சுரண்டும் சத்தம் கேட்கிறது. அடிப்பிடித்த சோற்றுப் பானையை யாரோ பிடிவாதமாகச் சுரண்டுவது போன்ற சத்தம். கூடத்தில் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு முறுக்கை எடுத்து வைத்துக்கொண்டிருந்த அருள்மேரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வரப்பை வெட்டுறாரு” என்றார். “இன்னைக்கு இது மூணாவது வரப்பு.”

நன்னிலம் தாலுகாவில் வரப்பை வெட்டினால் அரிவாள் வரும், போலீஸ் வேன் வரும், எல்லாக் கட்சிக் கொடியும் வரும். அருள்மேரியின் கணவர் அடைக்கலராஜ் அரசாங்க சர்வேயர். ஒரு சாண் வரப்பு நகர்ந்தாலும் கண்டுபிடிக்க வேண்டியவர். அவர்தான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கைலியைக் கட்டிக்கொண்டு, பழைய சவர பிளேடால் வரப்புகளை ஒவ்வொன்றாக வெட்டி எறிகிறார். தாம் தீட்டிய படத்திலிருந்து.

ஐம்பதை நெருங்குகிறார். ஒல்லி உடம்பு, வெயிலில் கருத்த கழுத்து. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு தூரிகை. கோயிலுக்கு நடக்கும்போதும் காலடியை எண்ணுவாராம். நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசாங்கம் எடுத்த நிலத்தை அளக்கப் போனால், கூலிக்காரர்களிடம் விலைபோய்விட்டான் என்கிறார் மிராசுதார். மிராசுதார் வீட்டில் மோர் குடித்தவன் என்கிறது கூலிக்காரர் தெரு. “படம் போடுற நேரத்துல மட்டுந்தான் என்னை யாரும் திட்டறதில்லை” என்பார். சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

படம் போடத் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. தொடங்கி வைத்தது ஒரு கேள்வி. பூவம்மாள் என்ற நடவுத் தொழிலாளிக்கு இரண்டு மா நிலம் ஒதுக்கி, வரைபடத்தோடு பட்டாவைக் கையில் கொடுத்தபோது, அந்த அம்மாள் காகிதத்தை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல என் வயல் எங்கீங்க இருக்கு?” என்று கேட்டார். சர்வேயர் விரல் வைத்துக் காட்டினார். பூவம்மாள் அந்தக் கோடுகளைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். நம்பவில்லை. சர்வேயரின் இருபது வருஷ உழைப்பு அந்த ஒரு பார்வையில் நொறுங்கிப் போயிற்று. அன்று மாலையே கும்பகோணத்துக்குப் பஸ் ஏறி, வண்ணக் குழாய்களோடு திரும்பி வந்தார்.

அன்றிலிருந்து அவர் வரைவது அந்த ஒரே வயலைத்தான். பூவம்மாளிடம் அதைச் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் வீட்டுக்குக் கீரை கொண்டுவருகிற அந்த அம்மாள், யாரும் சொல்லாமல், இது என் வயல் என்று கண்டுகொள்ள வேண்டும். சர்வேயரின் நெஞ்சில் வேறு ஆசையே இல்லை.

முதல் படத்தில் அந்த வயலைச் சுற்றி நாற்பது வயல் இருந்தன. அத்தனைக்கும் அடிமட்டம் வைத்துப் போட்ட வரப்பு. காலடியில் இருந்த வயலும் அடிவானத்தில் இருந்த வயலும் ஒரே அளவு. தென்னை மரங்கள் மட்டும் தரையில் படுத்துக் கிடந்தன. “இது படமா, பட்டாவா?” என்று கேட்டார் அருள்மேரி. தூரத்து வரப்பு பயிருக்குள் மறைந்துவிடும், நாலு வயல் சேர்ந்து ஒரு பச்சைக் கோடாகிவிடும் என்று கண் சொல்கிறது, கை கேட்கவில்லை. “ஒரு வரப்பு காணாமப் போனா ஆபீஸ்ல மெமோ கொடுப்பாங்களே” என்று என்னிடம் முறையிட்டார். ஒரு வருஷம் மனசோடு மல்லுக்கட்டி, இரண்டாவது படத்தில் பாதி வரப்பை மறைத்தார். மூன்றாவதில் குழாய்ப் பச்சையோடு மஞ்சள் கலக்கப் பழகினார். நட்ட பயிர் ஒரு வாரம் வெளுத்துக் கிடந்து பிறகுதான் பச்சை பிடிக்கும் என்பது அவருக்கு அதுவரை உறைக்கவில்லை. நான்காவதில் வாய்க்கால் தண்ணீருக்குள் வானம் வந்து இறங்கியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலு படத்தையும் பூவம்மாள் பார்த்தார். நாலு முறையும் ஒரே வார்த்தை.

“நல்லா இருக்குங்க. யாரு வயலுங்க?”

அந்த ஞாயிறுகளில் சர்வேயருக்குச் சோறு இறங்காது.

போன ஐப்பசியில் பக்கத்து நிலத்தை அளக்கப் போனவர், மழையில் ஊறிய வரப்பில் கால் வழுக்கி, அளவுச் சங்கிலியோடு பூவம்மாள் வயலுக்குள்ளேயே விழுந்தார். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். “சர்வேயரு ஐயா நடவுக்கு வந்துட்டாருடி, அவருக்கும் ஒரு முடி நாத்துக் குடு” என்றார் பூவம்மாள். அவர் எழுந்திருக்கவில்லை. கையும் முழங்காலும் சேற்றில் ஊன்றியபடி அப்படியே இருந்தார். எலும்பு முறிந்துவிட்டதோ என்று சிரித்தவர்கள் பயந்தார்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக அவர் வரப்பின் மேல் நின்று பார்த்த நிலம் அது. பூவம்மாளோ பிறந்ததிலிருந்து அதைக் குனிந்தே பார்த்தவர். அந்த உயரத்தில் வரப்பே இல்லை. மூக்குக்கு நேரே நாற்றின் நுனி, நுனிகளுக்கு நடுவே துண்டு துண்டாகத் தண்ணீர், அதற்கும் அப்பால் விரற்கடை உயரத்தில் தென்னந்தோப்பு.

அதற்குப் பிறகு எத்தனையோ மாலைகள், ஆளில்லாத நேரம் பார்த்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அதே சேற்றில் போய்க் குந்தினார். ஐந்தாவது படம் அங்கே பிறந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? தூரத்தில் மூன்று வரப்பு எப்படியோ முளைத்துவிட்டன. அவற்றைத்தான் இன்று காலை முதல் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

சுரண்டும் சத்தம் நின்றது. சர்வேயர் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, வாசற்கதவுக்குப் பக்கத்தில் தரையில் சாய்த்து வைத்தார். கையைத் துடைத்தார். துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

பூவம்மாள் கூடையோடு வந்தார். “வாங்க” என்றார் சர்வேயர். அருள்மேரி கீரையை வாங்கிக்கொண்டார். என் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

பூவம்மாள் படத்தைப் பார்த்தார். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. குனிந்தார். இன்னும் குனிந்தார். இடது மூலையில் விரலை நீட்டியபோது குரலில் கோபம்தான் இருந்தது.

“இந்தக் கோரையை நான் முந்தாநாளே புடுங்கிட்டேங்களே. இன்னும் ஏன் வச்சிருக்கீங்க?”

சர்வேயர், எடுத்துவிடுகிறேன் என்பதுபோலத் தலையை ஆட்டினார். பக்கத்து வயல்காரன் களையெடுக்காத குறையைக் கொஞ்ச நேரம் சொல்லிவிட்டு, பூவம்மாள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

கதவருகே படத்தைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. அங்கே வந்ததும், தம்மை அறியாமலே, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் இறங்குவதுபோல ஒரு காலை மெதுவாக எடுத்து வைத்தார். பிறகு மற்றதை. வாசலில் இறங்கிய பின்தான் சேலையை விட்டார்.

அருள்மேரி கதவைச் சாத்தினார்.