விரதத் தலையிடி

செம்மஞ்சள் நிறத்தில், பக்கவாட்டில் படுக்கவைத்த சிறிய பீப்பாய் போல ஒரு காஸ் ஹீட்டர். அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், அதை வேனிலிருந்து இறக்கி ஓக்லாந்தில் நாங்கள் இருந்த மனுரேவா வீட்டுக் கராஜில் வைத்தார். சட்டி கழுவும் சவர்க்காரத்தைத் தண்ணீரில் கரைத்து, ஒரு பழைய பெயின்ட் தூரிகையால் ரப்பர்க் குழாய் முழுவதும் பூசினார். எங்காவது காஸ் கசிந்தால் அந்த இடத்தில் நுரை குமிழியிடுமாம். மணப்பெண்ணுக்குச் சந்தனம் பூசுவது போல அவ்வளவு பக்குவம். "என்ன அத்தான், குழாய்க்கு நலங்கோ?" என்று பகிடி விட்டேன். அவர் நிமிரவே இல்லை. "காஸோட விளையாடக் கூடாது மச்சாள். ஆனா அதுக்கு நல்லா நாத்தம் போட்டுத்தான் தாறாங்கள். மூக்கு வேலை செய்யிற வரைக்கும் பயமில்லை" என்றார். அந்தக் கடைசி வசனம்தான் எங்களை ஏமாற்றியது.

அக்கா குடும்பத்தோடு நானும் அப்போது அந்த வீட்டில்தான் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் விரி என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலை. அத்தான் கட்டி முடியும் தறுவாயில் இருக்கும் வீடுகளுக்குப் போய், சுவர்ப் பலகைகள் ஒன்றோடொன்று சேரும் இடங்களைப் பூசி மட்டமாக்குகிறவர். கைக்குழந்தையின் முதுகைத் தடவுவது போலச் சுவரைத் தடவிப் பார்ப்பார். அந்தப் பூச்சு காய்ந்தால்தான் தேய்க்கலாம், தேய்த்தால்தான் பெயின்ட்காரர் வரலாம். ஓக்லாந்துக் குளிர்காலத்தில் எது காய்கிறது? கொடியில் போட்ட துவாயே கிழமைக்கணக்கில் ஈரமாய்த் தொங்கும். அதனால்தான் ஹீட்டர். சிலிண்டரை நேராக நிறுத்துவார், பலகைக்கும் பிளாஸ்டிக்குக்கும் எட்டத்தில் வைப்பார், குழாயில் யாரும் தடக்கி விழாதபடி ஓரமாக விடுவார். நெருப்புக்கு அவ்வளவு பயந்த மனிதர். மனிதன் எதற்குப் பயப்படுகிறானோ அதிலேதான் கவனமாக இருக்கிறான். மற்றது பின்கதவால் வந்துவிடுகிறது.

அன்று ஆடி அமாவாசை; இங்கே ஆடி நடுக் குளிர்காலம். தகப்பன் இல்லாத ஆண்கள் விரதம் இருக்கிற நாள். ஊரில் என்றால் கடலில் தோய்ந்து, பிதிர்க்கடன் செய்து, மத்தியானம் படைத்துச் சாப்பிட்டு முடிந்துவிடும். இங்கே ஆடி அமாவாசைக்கு யார் லீவு தருகிறார்கள்? ஆகவே எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் அத்தானும் செய்தார். காலையில் தலையில் தண்ணீர் வார்த்து, திருநீறு பூசி, ஒரு தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் பாபகூராவுக்கு வேலைக்குப் போனார். வேலை முடிந்து வந்துதான் படையல். அக்கா விடியவே சமைக்கத் தொடங்கிவிட்டாள். ஆடி அமாவாசைப் படையலுக்குக் கட்டாயம் வேண்டிய காத்தோட்டிக்காய் இந்த ஊரில் கிடைக்காது. பதிலுக்குப் பாகற்காய்.

அவர் தனியே வேலை செய்த வீடு அது. வெளியே மழை. பெயின்ட்காரர் அடுத்த நாளே வருவதாக இருந்தது, பூச்சோ காயவில்லை. சூடு வெளியே போகாமலிருக்கட்டும் என்று யன்னல், கதவு எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்திவிட்டு ஹீட்டரைப் போட்டிருக்கிறார். மத்தியானம் போன் எடுத்தார். அக்கா கறி தாளித்துக்கொண்டிருந்ததால் போனை நான்தான் அவள் காதில் பிடித்தேன். "தலை வெடிக்குது. வயித்தைப் பிரட்டிக்கொண்டு வருது, காலும் சோருது" என்றார். அக்கா சிரித்தாள். "விரதத் தலையிடிதானே. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ. வந்து தோய்ஞ்சு சாப்பிட்டாச் சரியாப்போம்" என்றாள். அவரும் "ஓம் ஓம், அதுதான்" என்றார். தலையிடித்தால் வெளியே போய்க் காற்றுப்படவேண்டும் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்? வெறும் வயிற்றோடு இருக்கிறவனுக்குத் தலையிடிக்காமல் வேறு என்ன செய்யும்? அன்று பகல் இந்த நகரம் முழுக்க எத்தனை தமிழ் ஆம்பிளைகளுக்குத் தலையிடித்திருக்கும்!

வயர் வேலை பார்க்க வந்த ஒருவர் கதவைத் திறந்தபோது அத்தான் சுவரில் சாய்ந்து இருந்தாராம். நித்திரை என்றே அந்த மனிதர் முதலில் நினைத்திருக்கிறார். ஹீட்டர் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. நல்ல மனிதர், அத்தானை முதலில் வெளியே இழுத்துப் போட்டுவிட்டுத்தான் அம்புலன்ஸுக்குப் போன் அடித்தார்.

பிறகு விபத்தை விசாரிக்க வந்தவர்கள் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கசியும் காஸுக்குத்தான் நாற்றம் போட்டிருக்கிறது, எரிந்து வருகிற நஞ்சுக்கு மணமே இல்லை. அறையில் காற்றுக் குறையக் குறைய நெருப்புச் சரியாக எரியாமல் காபன் மொனொக்சைட் கூடிக்கொண்டே போகும். தலையிடியும் பிரட்டலும்தான் அது கொடுக்கிற எச்சரிக்கை. இரண்டு பக்கமும் யன்னல் திறந்திருக்க வேண்டும், உள்ளங்கை அளவு அலாரம் ஒன்று பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார்கள், அதைக் கேட்டு நான் வாய்விட்டு அழுதேன். அந்தக் காஸ் எரியும்போது நீராவியும் வருமாம். மூடிய வீட்டில் அந்த ஈரம் திரும்பச் சுவரிலேயே படியுமாம். யன்னலைத் திறந்து வைத்திருந்தால்தான் பூச்சே காய்ந்திருக்கும். அட கடவுளே, எதற்காக அடைத்தாரோ அதுகூட நடக்கவில்லை.

ஆனாலும் அவர் எழும்பினார். ஆஸ்பத்திரியில் எங்கள் பெயர்களைச் சொன்னார், உப்பில்லாத சாப்பாட்டைத் திட்டினார். வீட்டுக்கு வந்த அன்று அக்கா வாய் நிறையச் சிரித்துக்கொண்டு பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. சில கிழமைகள் போக ஒரு காலை, போடவேண்டிய சேர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். பிறகு நடை சுருங்கியது. கழிப்பறைக்குப் போகிற வழி மறந்தது. பேச்சு ஒவ்வொரு சொல்லாகக் கழன்றது. பெண் டாக்டர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: சிலருக்கு இந்த நஞ்சு முதலில் தெளிய விட்டுப் பிறகு மூளையைத் தின்னும், சிலர் தேறுவார்கள், பொறுத்துப் பார்ப்போம். நாங்கள் பொறுத்துப் பார்த்தோம். அத்தான் தேறுகிற சிலரில் ஒருவராக இருக்கவில்லை.

விதி என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஒரு யன்னலைத் திறந்துவிட்டால் போய்விடுகிற விதி என்ன விதி? கோயிலில் ஒரு மனிசி, "விரத நாளில நடந்தது, பிதிர்களின்ர கோபமாக்கும்" என்றாள். எந்தத் தகப்பன் தனக்காகப் பட்டினி கிடந்த பிள்ளையை இப்படிச் செய்வான் என்று அவளை மண்டபத்தில் வைத்தே கேட்டுவிட்டேன். அக்கா மட்டும் யாரோடும் சண்டை போடுவதில்லை. "நான்தானே பொறுக்கச் சொன்னனான்" என்பாள். இல்லையென்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. இப்போது நான் சொல்வதில்லை, அவளும் அதைக் கேட்கக் காத்திருப்பதில்லை.

நான் கலியாணம் செய்து வேறு வீட்டுக்குப் போய்விட்டேன். போன கிழமை வேலை முடிந்து அவர்களைப் பார்க்கப் போனேன். மழை; இருட்டும் அன்று முன்னதாகவே வந்துவிட்டது. அக்கா அத்தானுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். நல்ல காலத்தில் அவளை "இஞ்சேரும்" என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல் போய்க் கனகாலம். பல நாள் வாயே திறக்காதவர் அன்று அவளை நிமிர்ந்து பார்த்தார். அயல்வீட்டுக்காரப் பெண்ணோடு கதைப்பது போல, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"தங்கச்சி, இருட்டிப்போச்சு. உங்கட அவர் இன்னும் வேலையால வரேல்லையோ?"

அக்கா சோற்றைக் குழைத்தபடியே, "இல்லை, இன்னும் வரேல்லை" என்றாள்.

"மழையும் பெய்யுது. ஒருக்கா போன் அடிச்சுப் பாருங்கோவன்."

"அடிச்சனான்" என்றாள் அக்கா. "எடுக்கிறார் இல்லை."