டாக்டர்னே இருந்துட்டுப் போகட்டும்

பட்டாபிராமில் நான் படித்த பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பல் மருத்துவத்தில் என்னென்ன வேலை இருக்கிறது என்று பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமாம். நான் டென்டல் மெக்கானிக். லேபில் உட்கார்ந்து பல் செட் செய்கிறவள். பிளஸ் டூவுக்குப் பிறகு டிப்ளமோ படித்தால் இந்த வேலைக்கு வரலாம். அதைச் சொல்லத்தான் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

வகுப்பாசிரியர் மைக்கைப் பிடித்து, "இவங்க நம்ம ஸ்கூல்ல படிச்ச பல் டாக்டர்" என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"சார், நான் டாக்டர் இல்ல. டென்டல் மெக்கானிக்" என்றேன்.

"இன்னாக்கா, பல்லுக்குப் பஞ்சர் ஒட்டுவியா?" என்றான் கடைசி பெஞ்சு பையன் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். அவன்மேல் எனக்குக் கோபமில்லை, அந்த வயசு அப்படி. ஆனால் சாரும் சேர்ந்து சிரித்தார். முன் வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல், கேள்வி கேட்கக் கையைத் தூக்கினாள்.

அவளுக்குப் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சார் என் பக்கம் குனிந்து, "டாக்டர்னே இருந்துட்டுப் போகட்டும்மா. மெக்கானிக்னா எவன் மதிப்பான்?" என்று கிசுகிசுத்தார்.

எவன் மதிப்பானாம். முதல் ஆளாக மதிக்காதவரே கேட்கிற கேள்வி.

மைக்கை அவர் அணைக்கவே இல்லை. ஹால் முழுக்கக் கேட்டது. அந்தப் பெண் கையைக் கீழே இறக்கிக்கொண்டாள்.