இடது விளக்கில் இருந்த ஒட்டு

என் ஜெராக்ஸ் கடையும் எல்லப்பன் அண்ணனின் பட்டறையும் ஆரணியில் வேலூர் போகும் சாலையில் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். பதினோரு வருஷம் அப்படி இருந்தோம். அவர் கார்களுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்பவர். தேவிகாபுரத்துப் பக்கம் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். பதினேழு வயசில் சென்னைக்குப் போய்த் தொழில் கற்று, தொண்ணூற்று நான்கில் திரும்பி வந்து இந்தப் பட்டறையைப் போட்டார். பட்டு வியாபாரிகளின் வண்டிகள் பெரும்பாலும் அவரிடம்தான் வரும். நசுங்கிய கதவை அவர் நிமிர்த்திக் கொடுத்தால், நசுங்கியது எந்தக் கதவு என்று சொந்தக்காரரே தேட வேண்டியிருக்கும்.

ஹெட்லைட்டை மட்டும் தொடமாட்டார். பம்பருக்குப் பெயிண்ட் அடிக்க விளக்கைக் கழற்ற வேண்டியிருந்தால், வேறு ஆளை வைத்துக் கழற்றிக்கொண்டு வரச் சொல்வார். சாயங்காலம் எதிர்ச்சாரியில் நிற்கும் வண்டி விளக்கைப் போட்டால் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். கண்ணில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்திருந்தேன். அவர் மனைவி அம்மணி சாப்பாடு கொண்டுவந்த ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"கண்ணுல ஒண்ணும் இல்ல தென்னரசு," என்றார். "லைட்டு எரிஞ்சா அதுக்கு முன்னாடி யாரோ நிக்கறாங்கன்றாரு. நான் பாத்தா யாரும் இல்ல. பூசாரிகிட்டகூட இட்டுகினு போய்ட்டேன்."

இரண்டாயிரத்து ஆறு, ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மதியம், ஹேமநாத் தன் காரை அங்கே கொண்டுவந்தார். நெசவுக் குடும்பம், நான்கு பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தார். வயசு முப்பதுகூட இருக்காது. கார் என்றால் பைத்தியம். சிவப்பு நிறத்தில், இரண்டே கதவுள்ள ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் அது. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். பதினைந்து வருஷத்துப் பழசு. வேலூரில் ஒருவரிடம் ஆசையாக வாங்கியிருந்தார். மற்றதெல்லாம் பளபளவென்று இருக்க, முன்விளக்குகளின் மூடி மட்டும் மஞ்சள் பூத்து, பாலாடை படிந்ததுபோல இருந்தது. கண்ணாடியாக இருந்தால் மங்காது, அது பிளாஸ்டிக்.

"அண்ணா, கண்ணுல பொரை விழுந்தாப்பல இருக்குது பாருங்க. புது லைட்டு எங்கியும் கிடைக்கல. நீங்கதான் தேச்சுத் தரணும்."

"அந்த வேலை நான் செய்யறதில்ல தம்பி. வேற ஆளைப் பாருங்க."

"எல்லாரும் உங்ககிட்டதான் அனுப்பறாங்க. என் சம்சாரம் ஜெயப்ரியாவுக்கு ஏழாம் மாசம். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டுத் திரும்பறதுக்குள்ள இருட்டிடுது. முந்தாநாள் கண்ணமங்கலம் தாண்டி ஒரு அம்மா புல்லுக்கட்ட தூக்கிகினு ரோட்டக் கடந்தாங்க. கிட்ட வந்தப்புறம்தான் ஆளே தெரிஞ்சுது. ஒரு முழம்ணா. ஒரே முழத்துல நின்னேன். ஜெயப்ரியா அழுதுட்டா."

எல்லப்பன் அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் அந்த மங்கிய விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள விடுங்க வண்டிய," என்றார்.

மறுநாள் காலையில் வேலை தொடங்கியது. விளக்கைச் சுற்றிப் பெயிண்டில் கீறல் படாமல் டேப் ஒட்டினார். தண்ணீர் தெளித்துத் தெளித்து உப்புத்தாளால் தேய்த்தார். முதலில் சொரசொரப்பான தாள், அப்புறம் அதைவிட மெலிசானது, அப்புறம் அதையும்விட மெலிசானது. மஞ்சள் தண்ணீர் வழிந்து, பிறகு பால் மாதிரி வெள்ளையாக வழிந்தது. வலது விளக்கு பத்து மணிக்குள் முடிந்தது. டீ வாங்கிக்கொண்டு நான் போனபோது இடது விளக்கின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கை ஓடவில்லை.

"தென்னரசு, இத பாரு. இன்னா தெரியுது?"

குனிந்து பார்த்தேன். மேல் மூலையிலிருந்து மெல்லிய கோடு ஒன்று இறங்கி, கீழே இரண்டாகப் பிரிந்திருந்தது. மஞ்சள் இருந்தவரை அது கண்ணுக்குத் தெரியவில்லை.

"விரிசலாண்ணா?"

"விரிசல் இல்ல. ஒட்டு. உடைஞ்சத ஒட்டியிருக்குது." ஈரத்துணியால் அதைத் துடைத்தார். "நான் போட்ட ஒட்டு."

விளக்கைக் கழற்றி, அது உட்காரும் குழியின் விளிம்பைக் கத்தி முனையால் சுரண்டினார். சிவப்புக்கு அடியில் வெள்ளைப் பெயிண்ட் தெரிந்தது. கத்தியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். எட்டு வருஷமாக அம்மணியிடம்கூடச் சொல்லாததை என்னிடம் சொன்னார்.

தொண்ணூற்று எட்டு, தை மாதம். பொங்கல் முடிந்து நாலைந்து நாள். காலை பத்து மணிக்கு இதே மாதிரி ஒரு கார் வந்தது, ஆனால் வெள்ளை. நேற்று சிவப்பைப் பார்த்து, இது வேறு வண்டி என்றுதான் நினைத்தாராம். மூக்கின் மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. ஓட்டி வந்தவன் தசரதன் என்று பேர் சொன்னான். முதலாளி வேலூர்ப் பக்கம் என்றான். முதலாளி பேரைச் சொல்லவில்லை. இடது பக்கம் மட்டும் நசுங்கி, இடது விளக்கின் மூடி மூன்று துண்டாகியிருந்தது.

"மாடு குறுக்க வந்துடுச்சு. சாயங்காலத்துக்குள்ள வேணும். ஜல்தியா பாருங்க," என்றானாம்.

துண்டுகளைப் பொருத்தி, பிளாஸ்டிக் ஒட்டும் மருந்து தொட்டு ஒட்டினார். நசுங்கிய தகரத்தை நிமிர்த்தினார். அந்த வேலையின்போதுதான் விளக்குக்கும் கிரில்லுக்கும் நடுவே இருந்த போல்ட்டில் ஒரு முடிக்கற்றை சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். ஒரு கை நீளம். அதோடு ஒரு துண்டுக் கனகாம்பரச் சரம்.

"மாட்டுப் பொங்கல் அப்பதான் முடிஞ்சுது. மாட்டுக்குப் பூ சுத்தியிருப்பாங்க, இது வால் முடியா இருக்கும்னு எனக்கு நானே சொல்லிகினேன்," என்றார். "ஆனா தேங்கா எண்ணெ வாசன அடிச்சுதுபா. மாட்டு வாலுக்கு யாரு எண்ணெ தடவறாங்க?"

ஹோஸைத் திறந்து தண்ணீர் அடித்தார். அது சாக்கடையோடு போயிற்று. வண்டி சாயங்காலம் போய்விட்டது. கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டுப் போனான் தசரதன். இரண்டு நாள் கழித்து, பஸ் கண்டக்டர் ஒருவர் பட்டறையில் பேச்சுவாக்கில் சொன்னார்: கண்ணமங்கலத்துக்கு அந்தாண்ட, நடவு முடிந்து வீடு திரும்பிய ஒரு பெண்ணை ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டது. எந்த வண்டி என்று தெரியவில்லை.

"நீங்க போய்ச் சொல்லியிருக்கலாம்ணா."

"அம்மணி அப்போ பையன வயித்துல வெச்சிருந்தா. தடயத்த அழிச்சவன்னு என்னத்தான் புடிச்சு உள்ள போடுவாங்கன்னு பயம். வண்டி நம்பரக்கூட நான் பாக்கல. பாக்கக் கூடாதுன்னே பாக்கல." பிறகு, "அந்த பஸ்ல மூணு தடவ ஏறினேன். மூணு தடவையும் அந்த ஸ்டாப்புல எறங்க முடியல. வேலூர் வரிக்கும் போய்த் திரும்பிட்டேன்," என்றார்.

அதற்குப் பிறகு எந்த வண்டியின் விளக்கு எரிந்தாலும் அதன் முன்னால் ஒருத்தி வந்து நின்றாள். முகம் கிடையாது. முடி மட்டும்தான், ஈரமாக.

வேலையை அப்படியே விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. இந்த விளக்கு மங்கலாகவே போனால் இன்னொரு புல்லுக்கட்டு, இன்னொரு முழம் என்றார். மிச்சத்தையும் தேய்த்து, காம்பவுண்டு போட்டு மெருகேற்றி, மறுபடி மஞ்சள் பூக்காமல் இருக்க கிளியர் லேக்கர் அடித்தார். அது காய்ந்ததும், பொழுது சாயும் நேரத்தில் வண்டியை எதிர்ச் சுவரைப் பார்க்க நிறுத்தி விளக்கைப் போடச் சொன்னார். போட்டேன். சுவரில் இரண்டு வெளிச்சம் விழுந்தது. வலது பக்கத்து வெளிச்சம் சுத்தமாக இருந்தது. இடது பக்கத்தில் அந்த ஒட்டின் நிழல் விழுந்திருந்தது. நீளமாக, மெல்லிசாக, நுனியில் பிரிந்து, சுவரில் ஒரு முடி ஒட்டிக்கொண்டிருப்பதுபோல. அதை நானும் பார்த்தேன்.

அவர் அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கன்னத்தில் தண்ணீர் வழிய நின்றார். "நிறுத்திடு," என்று அவர் சொல்ல ரொம்ப நேரமாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். நான்காவது தடவை இறங்கினார். டீக்கடையில் விசாரித்ததும் வழி சொன்னார்கள். இறந்தவள் பெயர் சின்னபொண்ணு. புருஷன் துரைக்கண்ணு பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். வீட்டில் மகள் மட்டும் இருந்தாள். தமிழ்ச்செல்வி. டீச்சர் டிரெயினிங் முடித்து ஒரு நர்சரி பள்ளியில் வேலை பார்த்தாள். வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"யாருங்க நீங்க? அம்மாவத் தெரிஞ்சவங்களா?"

"தெரியாதுமா. ஆனா உங்ககிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்குது."

உள்ளே நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. மாட்டுப் பொங்கல் சமாதானத்தையும் சொன்னார். முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்த முடிய இன்னா பண்ணீங்க?"

"தண்ணி அடிச்சேன்மா. சாக்கடையில போயிடுச்சு."

அவள் தரையைப் பார்த்தாள். "நடவுக்குப் போறவளுக்கு இன்னாத்துக்குடி பூவுன்னாங்க அம்மா. நான்தான் எண்ணெ வெச்சுப் பின்னி, பூவும் வெச்சுவுட்டேன். அப்போ ஆறாவது படிச்சுகினு இருந்தேன்."

சுவரில் சின்னபொண்ணுவின் படம் மாட்டியிருந்தது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிசாக்கியது, மங்கலாக. நெற்றி அகலம், சிரிக்காத வாய். எல்லப்பன் அண்ணன் அதை நிமிர்ந்து பார்த்தார். "இனிமே முகத்தோட வருவாங்க," என்று பஸ்ஸில் திரும்பும்போது என்னிடம் சொன்னார். அப்படித்தான் நடந்தது என்று பிற்பாடு அம்மணி சொன்னார்.

கிளம்பும் முன் தமிழ்ச்செல்வி கேட்டாள், "இதையே போலீஸ்ல வந்து சொல்வீங்களா?"

"சொல்றேன்மா."

"சொல்லிட்டு மாத்திப் பேசக் கூடாது."

வாக்குமூலத்தை நான்தான் டைப் அடித்தேன். மூன்று பக்கம். அதைக் கொடுப்பதற்கு முதல் நாள் தமிழ்ச்செல்வி பட்டறைக்கு வந்தாள். வண்டியைப் பார்க்க வேண்டும் என்றாள். ஹேமநாத்திடம் விஷயத்தைச் சொல்லியிருந்தோம். அவரும் வந்து, குற்றவாளி மாதிரி ஓரமாக நின்றார். "நான் இன்னாண்ணா பண்ணேன்," என்று இரண்டு தடவை கேட்டார். "நீங்க ஒண்ணும் பண்ணல தம்பி," என்றார் எல்லப்பன் அண்ணன்.

அவள் வண்டியைச் சுற்றி வந்தாள். அதன் கூரை அவள் நெஞ்சளவுகூட இல்லை. இடது விளக்கின் முன்னால் நின்றாள்.

"இவ்ளோ சின்ன வண்டியா?" என்றாள். "நான் லாரின்னு நெனச்சுகினு இருந்தேன். இத்தினி வருஷமா லாரி சத்தம் கேட்டாலே காலு ஓடாது எனக்கு."

ஒட்டின்மேல் விரலை வைத்து மேலிருந்து கீழாக இழுத்தாள். தேய்த்து மெருகேற்றிய பரப்பில் ஒன்றும் தட்டுப்பட்டிருக்காது. பிறகு கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

போலீஸ் வண்டியைக் கொண்டுபோனது. அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஜெயப்ரியா அதில் இனி உட்காரமாட்டேன் என்று பஸ்ஸிலேயே வேலூர் போய்வந்தாள். விசாரித்ததில் தசரதன் இரண்டாயிரத்து ஒன்றிலேயே மஞ்சள் காமாலையில் செத்திருந்தான். முதல் சொந்தக்காரரும் உயிரோடு இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். அன்றைக்கு வண்டியை ஓட்டியது முதலாளியா டிரைவரா என்பது கடைசிவரை தெரியவில்லை. எல்லப்பன் அண்ணன்மேல் வழக்குப் போடலாமா என்று ஒரு வாரம் பேசினார்கள். பிறகு சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று தடவை கோர்ட்டுக்குப் போனார். ஒரு தடவையும் மாற்றிப் பேசவில்லை.

தமிழ்ச்செல்வி கேட்டுக்கொண்டே இருந்தது வேறு ஒன்று. அம்மா இறந்தபோது போலீஸ் எழுதிய பழைய காகிதத்தில் 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று இருந்தது. அந்த இடத்தில் வண்டியின் எண் வர வேண்டும். அதற்காக எட்டு மாதம் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடந்தாள்.

மறு வருஷம் ஆடியில், வண்டி எண் ஏறிய காகிதத்தோடு என் கடைக்கு வந்தாள். மூன்று காப்பி கேட்டாள். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று தெள்ளாரில் இருக்கும் அத்தைக்கு, ஒன்று தனக்கு. பட்டறைப் பக்கம் திரும்பவில்லை. எல்லப்பன் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு அவர் வந்தார். தெரிந்தே ஒரு காப்பி அதிகம் எடுத்து வைத்திருந்தேன்.

"படி," என்றார்.

படித்தேன். தேதி, இடம், வண்டி எண். "சின்னபொண்ணு, கணவர் பெயர் துரைக்கண்ணு, வயது முப்பத்திநான்கு."

"அந்த வயச இன்னொரு தடவ படி."

படித்தேன்.

"எனக்கும் அப்போ முப்பத்திநாலுதான்," என்றார். கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். பட்டறை வாசலில் வேலைக்கு வண்டி கொண்டுவந்த ஒருவர் ஹாரன் அடித்ததும் போனார்.